ரொட்ரிகோ அமாடோ: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

கேள்வி இதுதான்: "ஜாஸ் ஓரளவு கேட்பேன். ரொட்ரிகோ அமாடோ என்ற போர்ச்சுகீசிய சாக்ஸபோன் கலைஞரின் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆனால் அவர் பெயரில் ஏகப்பட்ட ஆல்பங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள். அவர் யார்? எதை முதலில் கேட்பது?"

முதலில் கேட்க வேண்டியது 2018இல் வந்த ‘எ ஹிஸ்டரி ஆஃப் நத்திங்’. அதில் முதலில் வரும் ‘லெகசீஸ்’ மட்டும் போதும். பிடித்திருந்தால் மற்றதெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். எனக்கும் இரண்டாம் முறைதான் பிடித்தது.

"ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் விஷயமே. பல சாக்ஸபோன் கலைஞர்களுக்கு உடன் வாசிப்பவர்கள் பின்னணி. யார் வந்தாலும் அவர்கள் வாசிப்பதையே வாசிப்பார்கள். அமாடோ அப்படி இல்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்குத் தகுந்தபடி அவருடைய சாக்ஸபோன் பேசும் விதம் மாறும். ஆனால் குரல் அவருடையதுதான் என்று இரண்டே ஸ்வரத்தில் தெரிந்துவிடும். அதனால் அவருடைய இசையை ஆண்டுவாரியாகக் கேட்பதைவிடக் குழுவாரியாகக் கேட்பதே நல்லது என்பது என் கருத்து. நானும் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

முதலில் ஆள். 1964இல் லிஸ்பனில் பிறந்தவர். 17 வயதில் ஹாட் க்ளூப் நடத்தும் பள்ளியில் சாக்ஸபோன் கற்கத் தொடங்கினார். ஹாட் க்ளூப் 1948இல் லூயிஷ் வீலாஷ் போவாஷ் என்பவர் தொடங்கிய ஜாஸ் சங்கம். லிஸ்பனின் பிராசா த அலெக்ரியா சதுக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் பல பத்தாண்டுகள் நடந்தது. 2009 டிசம்பரில் அந்தக் கட்டடம் தீப்பிடித்தபோது போர்ச்சுகல் ஜாஸ் ரசிகர்கள் தங்கள் வீடே எரிந்ததுபோல வருந்தினார்கள். பின்னர் அதே சதுக்கத்தில் வேறு இடத்தில் திறந்தார்கள்.

அமாடோவின் தலைமுறையைப் புரிந்துகொள்ள இன்னொரு சம்பவமும் தெரிந்திருக்க வேண்டும். 1971 நவம்பரில், லிஸ்பனுக்கு அருகில் உள்ள கஷ்காயிஷ் ஊரில் முதல் ஜாஸ் விழா நடந்தது. போர்ச்சுகல் அப்போது சர்வாதிகார ஆட்சியில் இருந்தது. ஆப்பிரிக்காவில் அங்கோலா, மொசாம்பிக், கினி ஆகிய காலனிகளில் விடுதலைப் போராட்டத்தை நசுக்கப் போர் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே வாசிக்க வந்த அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஓர்னெட் கோல்மனின் குழுவில் பாஸ் (கனத்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்த சார்லி ஹேடன், தன் பாடல் ஒன்றை அந்த விடுதலை இயக்கங்களுக்குச் சமர்ப்பிப்பதாக மேடையிலேயே அறிவித்தார். அரங்கம் ஆரவாரித்தது. மறுநாள் விமான நிலையத்தில் ரகசியப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தது. அமெரிக்கத் தூதரகம் தலையிட்ட பிறகே விட்டார்கள். 1974 ஏப்ரல் 25 அன்று அந்த ஆட்சி கவிழ்ந்தது. அமாடோவுக்கு அப்போது பத்து வயதுகூட முழுதாக இல்லை, அல்லது அப்போதுதான் முடிந்திருக்கும். அந்த மண்ணில் வளர்ந்தவருக்கு ஜாஸ் வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அவருடைய ஆல்பப் பெயர்களில் ‘சுதந்திரம்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள்.

இவர் வாசிப்பது என்ன வகை? ஃப்ரீ ஜாஸ், அதிலும் பெரும்பாலும் முழுக்க மனோதர்மம். கர்நாடக சங்கீதத்தில் மனோதர்மம் என்றாலும் ராகம், தாளம் என்ற கரை இருக்கும். வழக்கமான ஜாஸிலும் மெட்டு, அதன் கீழே ஸ்வர அடுக்குகள் (கார்டு) என்று கரை உண்டு. இங்கே மேடையேறும்போது கையில் ஒன்றும் இல்லை. மெட்டும் இல்லை, சுருதியும் பேசிவைக்கவில்லை. முதல் ஒலியை யாரோ ஒருவர் எழுப்புவார். அடுத்தவர் அதைக் கேட்டுப் பதில் சொல்வார். கேட்பவருக்கு இதில் உள்ள பயம், "இது சத்தமாகப் போய்விடுமோ" என்பது. அமாடோவை நான் சிபாரிசு செய்யக் காரணமே இதுதான். அந்த நொடியில் பிறக்கும் ஒரு சின்ன வரியை அவர் உடனே விட்டுவிட மாட்டார். அதைத் திருப்பிச் சொல்வார், ஒரு ஸ்வரத்தை மாற்றிச் சொல்வார், நீட்டுவார், உடைப்பார், கடைசியில் அதையே ஒரு பாட்டாக ஆக்கிவிடுவார். எழுதிவைக்காத இசை எழுதிவைத்ததுபோல வடிவம் கொள்வதை நம் காதாலேயே பின்தொடரலாம்.

இந்தப் பழக்கம் வந்த வழி அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸ். ராலின்ஸ் 1957இலேயே பியானோ இல்லாமல், பாஸும் டிரம்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு டெனர் சாக்ஸபோன் வாசித்துப் பதிவு செய்தவர். ஒரு சிறு கருவை எடுத்து அதையே வளர்த்துப் போவது அவர் பாணி. அமாடோவின் பெரும்பாலான குழுக்களிலும் பியானோ கிடையாது. ஸ்வர அடுக்கு போட்டு வழிகாட்ட ஆள் இல்லாதபோது சாக்ஸபோனுக்கு வெளி நிறைய கிடைக்கும், பொறுப்பும் கூடும்.

இனி தொழில் வாழ்க்கை. 2001இல் பெட்ரோ கோஷ்டா, கார்லோஸ் கோஷ்டா இருவரோடு சேர்ந்து ‘க்ளீன் ஃபீட்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தை லிஸ்பனில் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் ஃப்ரீ ஜாஸ் கேட்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர் அது. நூற்றுக்கணக்கான ஆல்பங்கள் போட்டுவிட்டார்கள். ஐரோப்பாவின் ஒரு ஓரத்தில் இருக்கும் ஊரிலிருந்து, நியூயார்க் கலைஞர்களின் தட்டுகளை நியூயார்க் நிறுவனங்களைவிட அதிகமாக வெளியிட்டார்கள் என்று சொன்னாலும் பெரிய மிகை இல்லை. இதனால் ஒரு நன்மை விளைந்தது. அமெரிக்கக் கலைஞர்கள் லிஸ்பனுக்கு வரத் தொடங்கினார்கள்; வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களோடு வாசித்தார்கள். அமாடோவின் ‘லிஸ்பன் இம்ப்ரவைசேஷன் பிளேயர்ஸ்’ குழு அந்தக் காலத்தின் விளைச்சல்தான். அதன் முதல் ஆல்பம் 2002இல் வந்தது, ‘மோஷன்’ 2004இல், டல்லஸ் நகரத்து டிரம்பெட் கலைஞர் டென்னிஸ் கொன்சாலெஸ் சேர்ந்த ‘ஸ்பிரிச்சுவலைஸ்டு’ 2006இல். இவற்றை முதலில் கேட்க வேண்டாம். அவர் இன்னும் தன் குரலைத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

2005இல் க்ளீன் ஃபீடை விட்டு விலகி, ‘யூரோப்பியன் எக்கோஸ்’ என்று தனக்கென ஒரு சிறிய நிறுவனம் தொடங்கினார். அங்கிருந்துதான் அவர் இசை இறுகத் தொடங்கியது என்பேன். 2006இல் வந்த ‘டியாட்ரோ’வில் சிகாகோவின் கென்ட் கெஸ்லர் பாஸ், நார்வேயின் போல் நில்சென் லவ் டிரம்ஸ். நில்சென் லவ் வாசிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? மழைக்காலத்து அருவி. அந்த வேகத்துக்கு எதிரே நிற்க வேண்டுமென்றால் கத்தியாக வேண்டும் என்றுதான் பலர் நினைப்பார்கள். அமாடோ கத்தவில்லை, தடிமனான, தரையில் கால் ஊன்றிய ஒலியில் தன் வரியைச் சொல்லிக்கொண்டே போகிறார். இதே மூவர் 2009இல் ‘தி அப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்’ என்ற இரண்டாவது ஆல்பமும் போட்டார்கள்.

இடையில் 2007இல் ‘சர்ஃபேஸ்’ என்று ஒன்று வந்தது. வழக்கமாக வாசிக்கும் டெனர் சாக்ஸபோனை வைத்துவிட்டு, அதைவிட உச்ச ஒலியுள்ள ஆல்டோவும் தாழ்ந்த ஒலியுள்ள பாரிடோனும் எடுத்துக்கொண்டு, மூன்று தந்தி வாத்தியக்காரர்களோடு வாசித்திருக்கிறார். வயலின் கார்லோஸ் சிங்காரோ, போர்ச்சுகலில் இந்த வகை இசைக்கு முன்னோடி. செல்லோ தாமஸ் உல்ரிச், பாஸ் கென் ஃபிலியானோ. டிரம்ஸே கிடையாது. அமாடோவுக்குள் இருக்கும் சங்கோஜமான, மெல்லிய பக்கம் இதில் தெரியும்.

அவர் புகைப்படக் கலைஞரும்கூட. பல ஆல்பங்களின் அட்டையில் இருப்பது அவர் எடுத்த படங்கள்தான். 2010இல் போலந்தின் ‘நாட் டூ’ வெளியிட்ட ‘சர்ச்சிங் ஃபார் ஆடம்’ ஆல்பத்தில் டெய்லர் ஹோ பைனம், ஜான் எபேர், ஜெரால்ட் க்ளீவர் என்ற மூன்று அமெரிக்கர்கள் கூட இருக்கிறார்கள். எதைச் சட்டகத்துக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்ற கண் அவருடைய காதுக்கும் இருக்கிறது என்று அதைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும்.

சரி, முக்கியமான குழுக்களுக்கு வருவோம். முதலாவது ‘மோஷன் ட்ரையோ’. டிரம்ஸில் கேப்ரியல் ஃபெரான்டினி, செல்லோவில் மிகேல் மீரா. மூவரும் லிஸ்பன்காரர்கள். பாஸ் இருக்க வேண்டிய இடத்தில் செல்லோ. மீரா அதை வில்லால் இழைப்பதைவிட விரலால் மீட்டுவதே அதிகம். பாஸ் தரும் கனம் இல்லை, அதற்குப் பதில் ஓடும் கால் கிடைக்கிறது. ஃபெரான்டினியோ தாளத்தைக் கட்டிப்போடாதவர். சின்னச்சின்னச் சத்தங்களை நெருக்கமாகத் தூவிக்கொண்டே இருப்பார், நீங்கள் கவனிக்காத நேரத்தில் அது ஒரு அலையாக எழுந்திருக்கும். ‘ரெட் ட்ரையோ’ என்ற இன்னொரு நல்ல லிஸ்பன் குழுவிலும் அவர்தான் டிரம்ஸ்.

முதல் ஆல்பம் 2009இல், குழுவின் பெயரிலேயே வந்தது. அப்புறம் இவர்கள் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: மூவரும் அப்படியே இருக்க, நான்காவதாக ஒரு விருந்தாளியை அழைப்பது. சிகாகோ டிராம்போன் கலைஞர் ஜெப் பிஷப் வந்தார். கொயிம்ப்ரா நகர விழாவில் வாசித்தது 2012இலும், ‘தி ஃபிளேம் ஆல்ஃபபெட்’ 2013இலும் வெளிவந்தன. டிராம்போனும் டெனரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் பேசுபவை. இரண்டு பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்துவைப்பதுபோல இருக்கும். பிறகு டிரம்பெட்டுடன் பீட்டர் எவன்ஸ் வந்தார், நியூயார்க்காரர். மூச்சு விடாமல் வாசிக்கிறாரோ என்று மலைக்கவைக்கும் வித்தைக்காரர். அந்தச் சந்திப்பு 2014இல் ‘தி ஃப்ரீடம் பிரின்சிபிள்’, ‘லைவ் இன் லிஸ்பன்’ என்று இரண்டு ஆல்பங்களாக லித்துவேனியாவின் ‘நோபிஸினஸ்’ மூலம் வந்தது. பிஷப்போடு வாசித்த அமாடோ வேறு, எவன்ஸோடு வாசிக்கும் அமாடோ வேறு. எவன்ஸ் ஒரு மூச்சில் நூறு ஸ்வரம் கொட்டும்போது, இவர் நாலு ஸ்வரத்தோடு நின்று கேட்கிறார். போட்டிக்குப் போகவில்லை. அந்த நிதானம்தான் அந்தப் பதிவுகளைத் தாங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், நான் முதலில் சொன்ன விஷயம் விளங்கும்.

விருந்தாளி இல்லாமல் மூவரும் மட்டும் வாசித்தது 2016இன் ‘டிசையர் அண்ட் ஃப்ரீடம்’. அதில் மூன்றே உருப்படிகள். தலைப்புகளின் பொருள் ‘விடுதலை இருபக்கமும் கூரான வாள்’, ‘சுதந்திரம்’, ‘பொறுப்பு’. முன்கூட்டி எதுவும் பேசாமல் வாசிப்பவர்களுக்கு இந்த மூன்றும் தத்துவம் அல்ல, அன்றாட நடைமுறை.

இரண்டாவது முக்கியக் குழு ஜோ மெக்ஃபீயோடு சேர்ந்த நால்வர். உங்களுக்கு முதலில் சிபாரிசு செய்த ஆல்பம் இவர்களுடையது. மெக்ஃபீ 1939இல் பிறந்தவர். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் இரண்டும் வாசிப்பார். நியூயார்க் நகரத்தின் வெளிச்சத்திலிருந்து விலகி, போகீப்சி என்ற சிறிய ஊரில் வாழ்ந்தபடியே இசையை வளர்த்தவர். 1970களின் நடுவில் சுவிட்சர்லாந்தில் ‘ஹாட் ஹட்’ என்ற புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கப்பட்டதே அவருடைய பதிவுகளை வெளியிடுவதற்காகத்தான். பாஸ் பழைய நண்பர் கென்ட் கெஸ்லர். டிரம்ஸ் கிரிஸ் கோர்சானோ, ஐஸ்லாந்துப் பாடகி ப்யோர்க்கின் உலகச் சுற்றுப் பயணத்திலும் வாசித்தவர், நூறு பேர் உட்காரும் அறையிலும் அதே ஈடுபாட்டோடு வாசிப்பவர்.

இவர்களுடைய முதல் ஆல்பம் 2015இல் வந்த ‘திஸ் இஸ் அவர் லாங்க்வேஜ்’. இது எங்கள் மொழி என்று பொருள். ஓர்னெட் கோல்மன் தன் ஆல்பம் ஒன்றுக்கு ‘இது எங்கள் இசை’ என்று பெயர் வைத்ததை நினைத்து வைத்த பெயர். ஒரு போர்ச்சுகீசியர் மூன்று அமெரிக்கர்கள் நடுவில் நின்று "எங்கள் மொழி" என்று சொல்வதில் ஒரு உரிமை இருக்கிறது. கேட்டுப்பார்த்தால் அந்த உரிமை அவருக்கு உண்டு என்று ஒப்புக்கொள்வீர்கள். அதில் ‘தியரி ஆஃப் மைண்ட்’ என்ற உருப்படி ஜோவுக்கே சமர்ப்பணம். அடுத்த ஆல்பத்தில் அதன் இரண்டாம் பாகம் வருகிறது.

அடுத்தது ‘எ ஹிஸ்டரி ஆஃப் நத்திங்’, வியன்னாவின் ‘ட்ரோஸ்ட்’ வெளியீடு. இதைக் கேட்கும்போது இரண்டு ஊதல்காரர்களை மட்டும் கொஞ்ச நேரம் பின்தொடருங்கள். மெக்ஃபீயின் ஒலியில் ஒரு பழைய தேவாலயப் பாட்டின் ஏக்கம் எப்போதும் உண்டு. அவர் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும்போது அமாடோ உடனே அதன் மேல் ஏறி வாசிக்க மாட்டார். பக்கத்தில் ஒதுங்கி, அதே ஸ்வரத்துக்கு அருகில் மெல்ல வந்து உட்கார்வார். இரண்டு ஒலிக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும், அங்கேதான் இசை நடக்கிறது. தன்னைவிட இருபத்தைந்து வயது மூத்த ஒருவரோடு பணிவாகவும் சரிசமமாகவும் ஒரே நேரத்தில் பேசுவது எப்படி என்பதை இந்த ஆல்பத்தில் கேட்கலாம். அப்புறம் கெஸ்லரைக் கேளுங்கள். எல்லாம் கலைந்துவிடும்போல இருக்கும் இடங்களில் அவர் பாஸ் ஒரு தூண்.

இதே நால்வர் கோபன்ஹேகனில் மேடையில் வாசித்ததை 2021இல் ‘லெட் தி ஃப்ரீ பி மென்’ என்று வெளியிட்டார்கள். இது இன்னும் சூடானது. கோர்சானோவும் அமாடோவும் இருவர் மட்டும் வாசித்த ‘நோ பிளேஸ் டு ஃபால்’ 2019இல் வந்தது. சாக்ஸபோனும் டிரம்ஸும் தவிர வேறொன்றும் இல்லாத இசை பிடிக்குமென்றால் தவறவிடாதீர்கள்.

எழுதப்பட்ட மெட்டுகளை அவர் எப்படி வாசிப்பார் என்று தெரிந்துகொள்ள, கிட்டார் கலைஞர் லூயிஷ் லோபெஷ் நடத்தும் ‘ஹியூமனைசேஷன்’ நால்வர் குழுவைக் கேட்க வேண்டும். இங்கே அமாடோ தலைவர் அல்ல. பாஸும் டிரம்ஸும் ஏரன், ஸ்டெஃபான் என்ற சகோதரர்கள். முன்பு சொன்ன டென்னிஸ் கொன்சாலெஸின் மகன்கள். ராக் இசையின் முரட்டுத்தனம் அவர்கள் கையில் உண்டு. 2008இலிருந்து ஆல்பங்கள் வருகின்றன. எனக்குப் பிடித்தது 2020இன் ‘பிலீவ், பிலீவ்’. ஃப்ரீ ஜாஸ் பயமாக இருக்கிறது, ராக் கேட்டுப் பழக்கம் என்றால் உங்கள் வாசல் இதுதான்.

வேறு சில குழுக்களும் உண்டு. கிட்டார் கலைஞர் மானுவேல் மோட்டா இருக்கும் ‘வயர் குவார்ட்டெட்’, கோன்சாலோ அல்மெய்டா, ஓனோ கோவர்ட் இருவரோடு ‘ஆட்டிக்’, நார்வேக்காரர்களோடு ‘நார்தர்ன் லிபர்ட்டீஸ்’. இவை பின்னால் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆட்டிக்கின் 2024 ஆல்பமான ‘லா கிராண்ட் க்ரூ’வில் பிரெஞ்சுப் பியானோ கலைஞர் ஈவ் ரிஸே சேர்ந்தபோது என்ன ஆகிறது என்று கட்டாயம் பாருங்கள்.

பியானோ என்றதும் கடைசிக் கட்டம் வருகிறது. இத்தனை ஆண்டு பியானோ இல்லாமலே வாசித்த மனிதர், அலெக்சாண்டர் ஃபோன் ஷ்லிப்பன்பாக்கை அழைத்தார். 1938இல் பெர்லினில் பிறந்தவர். 1966இல் ‘குளோப் யூனிட்டி’ என்ற பெரிய குழுவை உருவாக்கி ஐரோப்பிய ஃப்ரீ ஜாஸுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் உருப்படிகள் அத்தனையையும் பதிவு செய்தவரும் அவர்தான். 2019இல் வில்னியஸ் ஜாஸ் விழாவில் மோஷன் ட்ரையோவும் அவரும் வாசித்தது ‘தி ஃபீல்டு’ என்று 2021இல் வெளிவந்தது. பியானோ நுழைந்ததும் மூவரின் பழைய சமநிலை கலைந்து வேறொன்றாக அமைவதைக் கேட்க முடிகிறது.

அந்த உறவு தொடர்ந்து ‘தி பிரிட்ஜ்’ என்ற நால்வர் குழுவாயிற்று. பாஸ் நார்வேயின் இங்கேப்ரிக்ட் ஹோக்கர் ஃப்ளாட்டன், டிரம்ஸ் ஜெரி ஹெமிங்வே. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆந்தனி பிராக்ஸ்டனின் புகழ்பெற்ற நால்வர் குழுவில் சுமார் பத்து ஆண்டுகள் இருந்தவர் ஹெமிங்வே. 2023இல் ட்ரோஸ்ட் வெளியிட்ட ‘பியாண்ட் தி மார்ஜின்ஸ்’ இவர்களுடைய முதல் ஆல்பம். எண்பது வயது தாண்டிய ஷ்லிப்பன்பாக்கின் விரல்களில் மங்க்கின் கோணல் தாளம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அமாடோவின் டெனருக்குள் இருக்கும் ராலின்ஸும் விழித்துக்கொள்கிறார். அமெரிக்க மரபும் ஐரோப்பிய மரபும் என்று நாம் பிரித்துப் பேசுகிறோமே, இங்கே அந்தக் கோடு அழிந்துபோகிறது.

துணை யாருமே இல்லாதபோது அவர் என்ன செய்வார்? அதற்குப் பதில் 2022இல் வந்த ‘ரிஃப்ராக்‌ஷன் சோலோ’. ஒரு தேவாலயத்தில், பார்வையாளர் முன் தனியாக வாசித்தது. எதிரே பேச ஆள் இல்லாததால் அவர் அந்தக் கட்டடத்தின் எதிரொலியோடு பேசுகிறார். ஒரு வரி ஊதிவிட்டு, அது திரும்பி வரும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்த வரி.

ஆக, முதலில் ‘லெகசீஸ்’. அடுத்து ‘தி ஃபிளேம் ஆல்ஃபபெட்’, உடனே ‘தி ஃப்ரீடம் பிரின்சிபிள்’. நடுவில் காதுக்கு ஓய்வாக ‘சர்ஃபேஸ்’. பிறகு தனியாக வாசித்தது, அதன் பின் ‘பியாண்ட் தி மார்ஜின்ஸ்’. ‘தி ஃபீல்டு’ ஏறத்தாழ ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்குங்கள், வேலை பார்த்துக்கொண்டே கேட்க வேண்டாம். க்ளீன் ஃபீட், ட்ரோஸ்ட், நோபிஸினஸ் மூன்றுக்கும், இசையை இணையத்தில் விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் பக்கங்கள் உண்டு. கேட்டுப் பார்த்துப் பிடித்தால் அங்கேயே வாங்கிவிடுங்கள். இவை எல்லாம் சில நூறு பிரதிகளை நம்பி நடக்கும் சிறிய நிறுவனங்கள்.